அட்டைக்குத் திருப்தி இல்லையா? குளத்து அட்டைகள் எதைத் தின்கின்றன?

கண்மாய்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். "அட்டைக்கும் திருப்தி இல்லை, அக்கினிக்கும் திருப்தி இல்லை" என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். கடந்த மூன்று வாரங்களாக அந்தப் பழமொழியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் இந்த ஆண்டு நல்ல தண்ணீர் நிற்கிறது. கலுங்கை ஒட்டிய கற்களுக்கு இடையிலும் மடைக்கு அருகிலும் மூன்று விதமான அட்டைகளைப் பிடித்து, தனித்தனி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கண்மாய்த் தண்ணீரோடு வைத்திருக்கிறேன். முதலாவது, எருமையின் பின்னங்காலிலிருந்து தானாகவே விழுந்தது. முதுகு பாசிப் பச்சை, அடிவயிறு செங்கல் நிறம், நீட்டினால் என் சாண் நீளத்தைத் தாண்டுகிறது. இரண்டாவது சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது, தட்டையானது, கண்ணாடி போல் உள்ளுறுப்புகள் தெரிவது; அதை ஒரு குளத்து நத்தையின் ஓட்டு வாயில் பாதி உடல் உள்ளே நுழைந்த நிலையில் கண்டேன். மூன்றாவது மெலிந்தது, செம்பழுப்பு நிறம். கல்லுக்கு அடியில் சேற்றுப் புழு ஒன்றை இடியாப்ப இழையை உறிஞ்சுவது போல முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் முன் விரலை வைத்துப் பார்த்தேன். என்னைப் பொருட்படுத்தவே இல்லை.

முதல் அட்டை விழுந்ததிலிருந்து எதையும் தொடவில்லை. அருகில் கையைக் கொண்டு சென்றாலும் விலகிப் போகிறது. என் கேள்விகள் இரண்டு. அட்டை என்றாலே இரத்தம் குடிப்பது என்று நாம் நினைத்திருப்பது தவறா? குடிக்கும் அட்டைக்கு உண்மையிலேயே திருப்தி என்று ஒன்று உண்டா?

நுண்ணோக்கி எழுதியது:

கண்மாய்க்கரை அவர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். அட்டையை அறுத்துக் காட்டிய வகுப்புகள் ஏராளம். ஆனால் அது தின்பதை மாணவர்களுக்குக் காட்டிய வகுப்பு ஒன்றுகூட இல்லை என்பதை உங்கள் பதிவைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

உங்கள் மூன்று பாட்டில்களும், தற்செயலாக, அட்டைகள் உண்ணும் மூன்று முறைகளையும் காட்டிவிட்டன. அட்டை எதைத் தின்னும் என்பதை அதன் வாயே முடிவு செய்கிறது. முதலாவது, நம் பாடநூல்களில் ஹிருடினேரியா கிரானுலோசா என்று படித்த இந்தியக் கால்நடை அட்டையாக இருக்க வேண்டும். இப்போது பொய்சிலோப்டெல்லா என்ற பேரினப் பெயரில் வைக்கிறார்கள். இதன் வாய்க்குள் மூன்று தாடைகள் உள்ளன: மேலே ஒன்று, கீழே இருபுறமும் இரண்டு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் நுண்ணிய பற்கள் ரம்பம் போல வரிசையாக அமைந்திருக்கின்றன. முன் ஒட்டுறிஞ்சியைத் தோலில் பதித்து, மூன்று தாடைகளையும் முன்னும் பின்னுமாக அசைத்து அறுக்கும்போது, நடுவில் கூடும் மூன்று கீறல்களாகக் காயம் விழுகிறது. மாட்டின் காலில் அட்டை விட்டுப்போன தடத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அந்த மூன்று கதிர் வடிவம் பழக்கமானதே.

இரண்டாவதற்குத் தாடையே கிடையாது. அதன் வாய்க்குள் நீட்டி இழுக்கக்கூடிய ஊசி போன்ற உறிஞ்சுகுழல் ஒன்று உண்டு. குளோசிபோனியா குடும்பத்தைச் சேர்ந்த இந்த அட்டைகளில் பல, நத்தைகளின் மென்தசைக்குள் குழலைச் செருகிச் சாற்றை உறிஞ்சி வாழ்பவை. இந்தியக் குளங்களில் வெபெரி என்னும் சிற்றினம் நத்தை தின்பதற்குப் பெயர் பெற்றது. நத்தை தன் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்வதால் பயனில்லை, ஏனெனில் இந்த அட்டையும் கூடவே உள்ளே போய்விடும்.

மூன்றாவதற்குத் தாடையும் இல்லை, உறிஞ்சுகுழலும் இல்லை. அகன்று விரியும் தொண்டை மட்டுமே இருக்கிறது. புழுக்களையும் பூச்சிகளின் இளம்புழுக்களையும் அப்படியே விழுங்கும். உங்கள் விரலை அது ஏன் பொருட்படுத்தவில்லை என்பதற்கு விடை இதுதான்: அதனால் உங்களைக் கடிக்க இயலாது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை, ஆம், தவறுதான். குளத்திலும் ஆற்றிலும் வாழும் அட்டைகளில் பெரும்பகுதி நம் இரத்தத்தின் மேல் எந்த நாட்டமும் இல்லாதது. கல்லுக்கு அடியிலிருந்து வெளியே வராத அந்தப் பெரும்பான்மை நம் கண்ணில் படுவதில்லை. நம்மைத் தேடி வருகிற சிறுபான்மைதான் ஓர் இனத்துக்கே பெயர் வாங்கித் தந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு நாளை விரிவாக எழுதுகிறேன்.

மருதத்திணை எழுதியது:

ஆசிரியர் ஐயா நாளை எழுதுவதற்கு முன், வயலில் இறங்கிய அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தஞ்சாவூர்ப் பக்கம். நடவு வயலில் அசையாமல் நிற்பவரை அட்டை அவ்வளவாகத் தேடி வராது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நடப்பவரைத்தான் வந்து பிடிக்கும். எருமையைக் குளிப்பாட்டும்போது அது வாலை அடித்து, உடம்பைப் புரட்டிக் குளத்தைக் கலக்கும். அடுத்த சில நிமிடங்களில் நாலு பக்கத்திலிருந்தும் அட்டைகள் வளைந்து வளைந்து நீந்தி வருவதைச் சிறுவயதில் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மணி அடித்தது போல இருக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம். இப்போது எங்கள் ஊரில் எருமை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நடவும் பாதிக்கு மேல் இயந்திரத்தில்தான் நடக்கிறது. இரத்தத்தை மட்டுமே நம்பிய அட்டை அப்படியானால் பட்டினியால் என்றோ ஒழிந்திருக்க வேண்டும். குறைந்திருக்கிறது, ஆனால் ஒழியவில்லையே, எப்படி?

நுண்ணோக்கி எழுதியது:

மருதத்திணை அவர்களின் சாப்பாட்டு மணியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பசித்த அட்டை நீரின் ஓரத்தில், ஆழம் குறைந்த இடத்தில் காத்திருக்கிறது. நீரலை எழுந்தால் அலை வரும் திசையை நோக்கி நீந்துகிறது. அருகில் வந்தபின் வெப்பமும் சுவையும் வழிகாட்டுகின்றன. ஐரோப்பிய மருத்துவ அட்டையான ஹிருடோவை வைத்து 1980களில் அமெரிக்காவில் லென்ட், டிக்கின்சன் ஆகியோர் செய்த ஆய்வுகளில், பாலூட்டிகளின் உடல் வெப்பத்தை ஒட்டிய சூடுள்ள பரப்புகளையே அட்டைகள் அதிகமாகக் கடித்தன. பசித்த அட்டையின் நரம்பு மண்டலத்தில் செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் மிகுந்திருப்பதையும், உண்டு முடித்த அட்டையை அந்தப் பொருள் கலந்த நீரில் இட்டால் மீண்டும் கடிக்கத் தொடங்குவதையும் அவர்கள் கண்டறிந்தனர்.

இனி, திருப்தி. இங்கேதான் பாட்டியின் பழமொழியோடு நான் முரண்படுகிறேன். குடித்து நிறைந்தபின் தானாகவே பிடியை விட்டு விழுந்துவிடுவதும், அதன்பின் மாதக்கணக்கில் உணவைத் திரும்பிப் பாராததுமான இந்தப் பிராணியைப் போலத் திருப்தியை அறிந்தது வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. அது நிறுத்துவது சுவை சலித்தோ களைத்தோ அல்ல. உடற்சுவர் ஓரளவுக்கு மேல் விரிந்ததும் அந்த விரிவே "போதும்" என்னும் செய்தியாகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர் சிலர் இதை அறிந்தே ஒரு கொடிய உத்தியைக் கையாண்டனர்: நோயாளியின் உடலில் உறிஞ்சிக்கொண்டிருக்கும் அட்டையின் பக்கத்தில் சிறு கீறல் இட்டுவிடுவார்கள், உள்ளே போகும் இரத்தம் கீறல் வழியே வெளியே வழிந்துகொண்டிருப்பதால் உடல் விரிவதில்லை, அட்டையும் நிறுத்துவதில்லை. திருப்தி இல்லாத அட்டை என்பது அப்படி மனிதன் ஆக்கி வைத்த அட்டை மட்டுமே.

ஒரே வேளையில் அது எவ்வளவு குடிக்கிறது? ஹிருடோ தன் எடையைப் போலப் பல மடங்கு, அதாவது சுமார் 5 முதல் 15 மில்லிலிட்டர் வரை, அரை மணி நேரத்தை ஒட்டி உறிஞ்சிவிடுகிறது. அவ்வளவையும் அடைக்க இடம் வேண்டுமல்லவா? நம் கால்நடை அட்டையின் உடலில் பெரும்பகுதியே தீனிப்பைதான். பத்து அறைகள், ஒவ்வொன்றிலும் இருபக்கமும் பைகள், கடைசி இணை மட்டும் வால்பக்கம் வரை நீண்டிருக்கும். வகுப்பில் அறுத்துக் காட்டும்போது மாணவர்கள் வியந்து பார்க்கும் உறுப்பு அதுவே. குடித்து முடித்த சில நாட்களுக்குள் இரத்தத்தில் உள்ள உபரி நீரையும் உப்பையும் கழிவுநீக்கக் குழல்கள் வழியே வெளியேற்றிவிடும். எஞ்சிய கெட்டியான சரக்கு தீனிப்பையில் கெடாமல் கிடக்க, துளித்துளியாக இரைப்பைக்குள் இறங்கி, மாதக்கணக்கில் செரிக்கிறது. கெடாமல் இருப்பதற்கும் செரிப்பதற்கும் ஏரோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் உள்ளேயே குடியிருந்து உதவுவதாகக் கருதப்படுகிறது.

செரிமானம் எவ்வளவு மெதுவானது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டு இரத்தம் குடித்த ஹிருடோ அட்டைகளின் உடலிலிருந்து நான்கு மாதங்களுக்குப் பின்னும் ஆட்டின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க முடிந்தது. அதே குழுவினர் வியட்நாம் காட்டு அட்டைகளின் வயிற்றைச் சோதித்தே, எளிதில் கண்ணில் படாத முயல் இனம் ஒன்று அங்கே இருப்பதைக் காட்டினர்.

ஆகவே மருதத்திணை அவர்களே, ஆண்டுக்கு இரண்டொரு நல்ல விருந்து கிடைத்தால் போதும் என்று வாழும் பிராணியைப் பட்டினி போட்டு ஒழிப்பது எளிதன்று. எருமை இல்லாவிட்டால் தவளை இருக்கிறது. குஞ்சு அட்டைகள் தவளைகளிடமும் தலைப்பிரட்டைகளிடமும் தொடங்குவது வழக்கமே. கனத்த தோலை அறுக்கும் வலு அவற்றின் தாடைக்கு வளர்ந்த பிறகுதான் வருகிறது. இருந்தாலும் தவளை இரத்தத்தை மட்டும் நம்பினால் வளர்ச்சி மெதுவாகும். எண்ணிக்கை குறைந்ததாக நீங்கள் கண்டது இதனால் இருக்கலாம்.

மூலிகைத் தோட்டம் எழுதியது:

சித்த மருத்துவம் பயின்றவள் என்ற முறையில் இந்த விவாதத்தில் சேர்கிறேன். எங்கள் புறமருத்துவ முறைகள் முப்பத்திரண்டில் அட்டை விடலும் ஒன்று. சுசுருத சங்கிதையும் அட்டைகளைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஆறு நஞ்சுள்ளவை, ஆறு நஞ்சற்றவை என்று கூறுகிறது. அழுகிய மீனும் தவளையும் கிடக்கும் நீரில் பிறந்தவை ஆகாதவை, தாமரை பூக்கும் தெளிந்த நீரில் வாழ்பவை உகந்தவை என்பது அந்நூலின் கருத்து.

நாங்கள் அட்டையை முதலில் மஞ்சள் கலந்த நீரில் விட்டு எடுத்துப் பின்பு நோயாளியின் மேல் விடுவோம். கடிக்க மறுத்தால் அந்த இடத்தில் ஒரு துளி பாலோ இரத்தமோ தடவுவோம். அன்னம் நீரை விலக்கிப் பாலைப் பருகுவது போல, அட்டை நல்ல இரத்தத்தை விட்டுக் கெட்ட இரத்தத்தை முதலில் குடிக்கும் என்று ஆயுர்வேத நூல்கள் கூறுகின்றன. இதை விலங்கியல் எவ்வாறு காண்கிறது என்று நுண்ணோக்கி ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

வினாக்குறி எழுதியது:

ஐயா பதில் சொல்லும் முன் நான் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அன்னமே பாலைப் பிரிப்பதில்லை எனும்போது அட்டை மட்டும் எப்படிப் பிரிக்கும்?

நுண்ணோக்கி எழுதியது:

வினாக்குறி அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்; அம்மா கேட்டது நேர்மையான கேள்வி.

அட்டை உறிஞ்சத் தொடங்குவதற்குத் தேவையான சுவை எது என்பதை 1986-இல் எலியட் என்ற ஆய்வாளர் சோதித்தார். இரத்தத்தில் உள்ள சாதாரண உப்பும், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலமும் சேர்ந்த கரைசலே போதுமானதாக இருந்தது. இரத்தத்தின் ஒரு துளியும் இல்லாத அந்த நீரை, மெல்லிய சவ்வுக்குப் பின்னால் இளஞ்சூட்டில் வைத்தால், அட்டை வயிறு புடைக்கக் குடிக்கிறது. உப்பையும் ஆர்ஜினினையும் வைத்து ஏமாற்றக்கூடிய பிராணியிடம் கெட்ட இரத்தத்தைத் தரம்பிரிக்கும் திறனை நான் எதிர்பார்க்க மாட்டேன். நீங்கள் தடவும் ஒரு துளி இரத்தம் வேலை செய்வதற்கும் இதுவே காரணம்.

ஆனால் அட்டை விடலின் பயனை இதனால் மறுப்பதாகக் கொள்ள வேண்டாம். பயன் அட்டை குடிக்கும் அளவில் அதிகம் இல்லை; அது விட்டுச்செல்லும் உமிழ்நீரில் இருக்கிறது. குடித்த இரத்தம் தன் தீனிப்பையில் உறைந்து கட்டியாகிவிடாமல் இருக்க, அட்டை ஹிருடின் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அட்டைச் சாற்றுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பதை 1884-இல் ஹேகிராஃப்ட் கண்டறிந்தார். 1950களில் மார்க்வார்ட் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். இரத்தம் உறைவதற்கு இன்றியமையாத திராம்பின் நொதியை அது இறுகப் பற்றிக்கொள்கிறது. அட்டை விழுந்தபின்னும் பல மணி நேரம் கடிவாய் கசிவது அதனாலேயே. அறுந்த விரலையோ காதையோ ஒட்டவைக்கும் அறுவைச் சிகிச்சைகளில், உள்ளே வந்து தேங்கும் இரத்தம் வெளியேறச் சிரை வழி இல்லாதபோது இந்தக் கசிவு பேருதவி செய்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் மருத்துவ அட்டைக்கு ஒப்புதல் அளித்தது.

அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் காயத்துக்குள் புகுந்து சீழ் பிடிக்கச் செய்யலாம் என்பதால், மருத்துவமனைகளில் கூடவே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தருகிறார்கள். வயலில் அட்டை கடித்தால் உப்பு, சுண்ணாம்பு, புகையிலை என்று போடும் நம் வழக்கத்தை நான் விரும்பாததும் இதே காரணத்தால்தான். திடுக்கிட்ட அட்டை வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடக்கூடும். நகத்தின் விளிம்பைத் தோலோடு ஒட்டி வைத்து, வாய்ப்பக்க ஒட்டுறிஞ்சியை முதலில் நெம்பி, பிறகு வால்பக்கத்தைத் தள்ளிவிட்டுக் காயத்தைக் கழுவுவதே சரி.

கண்ணாடித் தொட்டி எழுதியது:

நான் வீட்டில் மீன் வளர்ப்பவன். கடையில் வாங்கிய பாசிச் செடியோடு செம்பழுப்பு அட்டைகள் தொட்டிக்குள் வந்து பெருகிவிட்டன. மீன்களைக் கொன்றுவிடுமோ என்ற பயத்தில் ஒரு முறை தொட்டியையே காலி செய்தேன். மூன்றாம் பாட்டில் பற்றிப் படித்தபின் வீண்வேலை செய்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

நுண்ணோக்கி எழுதியது:

பெரும்பாலும் வீண்வேலைதான். மீன் தொட்டிச் செடிகளோடு ஆசியாவிலிருந்து உலகெங்கும் பரவிய பார்ப்ரோனியா என்ற அட்டையாக அது இருக்கலாம். கண்மாய்க்கரை அவர்களின் மூன்றாம் பாட்டிலிலும் அதுவே இருக்கக்கூடும் என்பது என் ஊகம். மீன்களுக்குப் போட்ட ட்யூபிஃபெக்ஸ் புழு சரளைக்கல்லுக்குள் ஒளிந்துகொண்டால், அட்டை அங்கே போய்த் தின்று பெருகும். தீவனத்தைக் குறைத்தால் அட்டையும் குறையும்.

மீனின் இரத்தம் குடிக்கும் அட்டைகள் வேறு. கெண்டை வளர்க்கும் குளங்களில் ஹெமிகிளெப்சிஸ் என்பது மீனின் செவுளிலும் துடுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பிய ஆறுகளில் பிசிகோலா என்ற மெல்லிய அட்டை, பின் ஒட்டுறிஞ்சியால் நீர்ச்செடியைப் பற்றிக்கொண்டு, உடலைக் குச்சி போல் நீரில் நீட்டி நிற்கிறது; மீனின் நிழலோ அலையோ பட்ட கணத்தில் தாவிப் பிடிக்கிறது. வாத்துகளின் மூக்குத் துளைக்குள் புகுந்து குடிக்கும் அட்டையும் அங்கே உண்டு.

மலையடிவாரம் எழுதியது:

மூக்கு என்றதும் எழுதத் தோன்றியது. கால்நடை மருத்துவராக இருக்கிறேன். டினோப்டெல்லா என்ற அட்டையை இந்த இழையில் யாரும் குறிப்பிடவில்லை. அதன் தாடை வலுவற்றது. மாட்டின் தோலை அறுக்க அதனால் ஆகாது. ஆகவே ஓடையிலும் சுனையிலும் மிகச் சிறிய குஞ்சாகக் காத்திருந்து, நீர் குடிக்க வரும் மாடு, நாய், குரங்கு, சில வேளைகளில் மனிதர் ஆகியோரின் மூக்குக்குள்ளோ தொண்டைக்குள்ளோ புகுந்து, மெல்லிய சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. வாரக்கணக்கில் உள்ளேயே இருந்து வளர்ந்த பின்னரே வெளியேறும். ஒரே மூக்குத் துளையிலிருந்து விட்டுவிட்டு இரத்தம் வரும் மாட்டைப் பார்த்தால் இதையும் மனத்தில் வைக்க வேண்டும். மாட்டுக்குச் சிறிது நேரம் நீர் காட்டாமல் வைத்திருந்து, பின்பு மூக்கருகே ஒரு பாத்திரத்தில் நீரை வைத்தால், அட்டை நீரை நாடித் தலையை நீட்டும். அப்போது இடுக்கியால் பிடித்து விடலாம். மனிதர்களுக்கு இப்படி நேர்ந்தால் வீட்டில் முயலாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மருதத்திணை எழுதியது:

அட்டை இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியா?

நுண்ணோக்கி எழுதியது:

எந்த அட்டை என்று கேட்காமல் சொல்ல முடியாது. சாக்கடை கலந்த ஆற்றில் சேற்றுப் புழுக்களும் கொசுவை ஒத்த ஈக்களின் செந்நிற இளம்புழுக்களும் மிகுவதால், அவற்றைத் தின்னும் அட்டைகளும் மிகுகின்றன. பிரிட்டனில் ஆற்று நீரின் தரத்தை அளக்கப் பயன்பட்ட ஒரு மதிப்பெண் முறையில், தூய நீரையே நாடும் பூச்சிகளுக்குப் பத்து. பெரும்பாலான அட்டைக் குடும்பங்களுக்கு மூன்றுதான். மீன் அட்டைக்கு மட்டும் நான்கு. பெரியவர்கள் சொன்னது தவளையும் எருமையும் நிறைந்த குளத்துக்குப் பொருந்தியிருக்கலாம்.

கண்மாய்க்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பாட்டில்களின் இன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் அட்டையைக் கல்லுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். தினமும் புழு தேடிக் கொடுக்க என்னால் முடியவில்லை. நத்தை அட்டையின் அடிவயிற்றில் வெண்புள்ளிகளாக ஏதோ ஒட்டியிருக்கக் கண்டு, நோய் என்று நினைத்தேன். லென்சு வைத்துப் பார்த்தபோது அவை அசைந்தன. இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள். நேற்று ஒரு சிறு நத்தையைப் போட்டேன். தாய் அட்டை அந்த நத்தையின் ஓட்டு வாயில் குழலைச் செருகியதும், குஞ்சுகளில் சில தாயின் வயிற்றிலிருந்து நீண்டு அதே நத்தையில் தலை வைத்தன.

எருமை அட்டை இருபத்து மூன்றாவது நாளாக எதையும் உண்ணவில்லை. பாட்டிலின் அடியில் சுருண்டு கிடக்கிறது. தண்ணீரை மாற்றும்போது மட்டும் ஒரு சுற்று நீந்துகிறது. பாட்டியிடம் காட்டினேன். "இது வேற அட்டை" என்று சொல்லிவிட்டார்.